தினம் தீனி கேட்கும் அடுப்பு

(மைசூர், ஹெப்பாளில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சுற்றிலும் தொழிற்சாலைகள் இருக்கிற இந்த இடத்தில் சாணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஹெப்பாளுக்கும் சாணத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். தொடர்பு இருக்கிறது. இங்கே இருக்கிற இன்ஃபோசிஸ் நிறுவனம் 2020-இல் கார்பன் சமநிலையை எட்டிவிட்டதாக அறிவித்தது. தன் வேலையால் காற்றில் சேரும் கரியமில வாயுவுக்கு ஈடாக வேறு இடங்களில் மிச்சம் பிடித்துக் காட்டிய கணக்கு அது. அந்தக் கணக்கில் ஒரு பகுதி, கர்நாடகத்துக் கிராம வீடுகளில் கட்டிக்கொடுத்த சாண எரிவாயுக் கலன்கள். அதாவது இந்த ஊரில் ஒரு கணினி ஓடுவதற்கு ஈடாக, எங்கோ ஒரு கிராமத்தில் ஓர் அம்மா விடிகாலையில் எழுந்து சாணம் கரைக்கிறார். அவருடைய வேலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நஞ்சன்கூடு பக்கம் ஒரு வீட்டில் நின்று பார்த்தது. தொழுவத்துக்குப் பின்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி. அதன் அடியில் ஒரு துளை, துளையில் துணி சுற்றிய கட்டை. ஒரு கூடை சாணம் விழுந்தால் அதே கூடை அளவுக்குத் தண்ணீர். அந்த அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையை முழங்கை வரை விட்டுக் கரைக்கிறார். கம்பு வைத்துக் கரைக்கலாமே என்று கேட்டேன். கம்புக்குக் கட்டி தெரியாது, கல் தெரியாது, வைக்கோல் தெரியாது என்றார். உண்மைதான். வைக்கோல் உள்ளே போனால் மேலே மிதந்து ஆடைபோல் கட்டிக்கொள்ளும். வாயு மேலே வர வழி இருக்காது. மணல் போனால் அடியில் படிந்து, சில வருடங்களில் கலனின் கொள்ளளவையே தின்றுவிடும். அவர் வைக்கோலைப் பொறுக்கி எறிந்தார், கரைசலைச் சற்று நேரம் நிற்க விட்டார், பிறகு கட்டையை உருவினார். கரைசல் உள்ளே இறங்க இறங்க, மறுபக்கத்துத் தொட்டியில் நேற்று வரை செரித்த எரு அதே அளவுக்கு வழிந்தது. அதில் சாண வாடை இல்லை, ஈ இல்லை. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். பிறகு கை கழுவிக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தார். நீலத் தீ.

தீ ஆடினால் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, மஞ்சளாக எரிந்தால் அடுப்புக்குள் காற்று போதவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குழாயின் தாழ்ந்த இடத்தில் இருக்கிற குமிழைத் திறந்து தண்ணீரை வடிக்கவும் தெரிந்திருந்தது. இவ்வளவும் தெரிந்த ஓர் ஆள் வீட்டில் இருந்தால் கோபர் கேஸ் எரியும். இல்லையென்றால் ஆறு மாதத்தில் அந்தத் தொட்டியில் கோழி முட்டையிடும். இரண்டையும் இந்த மாவட்டத்திலேயே பார்க்கலாம்.

நம் நாட்டில் இதுவரை ஏறத்தாழ 50 லட்சம் வீட்டுக் கலன்கள் அரசுத் திட்டங்களின் கீழ் கட்டப்பட்டிருக்கின்றன. கட்டியவற்றின் எண்ணிக்கை வருடா வருடம் அறிக்கையில் வருகிறது. இன்று காலை அவற்றில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்தது என்பதைத் தினமும் எண்ணுவார் யாரும் இல்லை. கட்டுவது சில நாள் வேலை. எரிய வைப்பது ஒவ்வொரு நாள் வேலை. இந்தத் திட்டங்கள் தடுமாறிய பல இடங்களில் இந்த இரண்டாவது வேலைக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை என்பது என் உறுதியான கருத்து.

உள்ளே நடப்பது என்ன? காற்றுப் புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் சாணத்தைச் சிதைக்கின்றன. ஒரு கூட்டம் அதை அமிலமாக்குகிறது, இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தை மீத்தேனாக்குகிறது. வருகிற வாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு, கொஞ்சம் அழுகிய முட்டை நாற்றமுள்ள கந்தக வாயு. மாட்டின் வயிற்றில் நடப்பதும் இதேதான். அதனால்தான் புதுக் கலனில் முதல் நிரப்பலுக்குப் பசுஞ்சாணமே போதும், தனியாக விதை போட வேண்டாம். இந்த உயிர்களுக்கு 30 முதல் 35 டிகிரி வெப்பம் பிடிக்கும். மைசூரின் மார்கழிக் குளிரில் வாயு குறைவதற்கு இதுதான் காரணம். அந்த நாட்களில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுக் கரைப்பவர்கள் உண்டு. நல்ல வழக்கம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கழிவிலிருந்து வாயு எடுத்தார்கள். 1939-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ்.வி. தேசாய் சாணத்தை வைத்துச் சோதனை செய்தார். 1951-இல் ஜஷ்பாய் படேல் 'கிராமலட்சுமி' என்று ஒரு கலன் அமைத்தார். குழியின் மேல் இரும்பு டிரம் கவிழ்ந்து மிதக்கும். வாயு சேரச் சேர டிரம் எழும்பும். 1960-களின் தொடக்கத்தில் கதர் கிராமத் தொழில் ஆணையம் அந்த வடிவத்தை ஏற்று நாடெங்கும் பரப்பியது. வாயு எவ்வளவு மிச்சம் என்று டிரம்மைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது அதில் எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் இரும்புக்கு விலை அதிகம், துருப் பிடிக்கும், வருடம் ஒருமுறை வண்ணம் அடிக்க வேண்டும். அதனால் செங்கல்லாலேயே குவிமாடம் கட்டும் 'ஜனதா' வடிவம் 1970-களின் இறுதியில் வந்தது. 1984-இல் அஃப்ரோ என்ற தொண்டு நிறுவனம் அதைச் சிறிதாக்கி, சிக்கனமாக்கி, 'தீனபந்து' என்று கொடுத்தது. இன்று நம் கிராமங்களில் அதிகம் பார்ப்பது இந்தத் தீனபந்துவைத்தான். மண்ணுக்குள் புதைந்திருக்கும், இடம் அடைக்காது, துருவுக்கு வேலை இல்லை. ஆனால் குவிமாடத்தின் உள்பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வாயு கசிந்துவிடும். அதாவது, டிரம் அடித்த கொல்லருடைய பொறுப்பு கொத்தனாருடைய கைக்கு மாறியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனாரிடம் மீண்டும் வருவேன்.

தமிழர்கள் நிறைந்த இந்தச் சபையில் ஜே.சி. குமரப்பாவின் பெயரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தஞ்சாவூரில் பிறந்த அந்தப் பொருளியல் அறிஞர் வார்தாவின் மகன்வாடியில் இருந்தபோது, மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கும், புகை குறைந்த அடுப்பும் அங்கே உருவாயின. கிராமத்து வீட்டின் அடுப்பையும் விளக்கையும் தேசத்தின் பொருளாதாரக் கேள்வியாக எடுத்துக்கொண்டவர் அவர். நம்முடைய பொறியியல் கல்லூரிகளில் இன்றும் அடுப்புக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

இனி கொஞ்சம் கணக்கு. ஈரச் சாணம் 25 கிலோ கலனுக்குள் போனால் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் வாயு வரும். அது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சிலிண்டர் வாயுவுக்குச் சமம். ஓர் ஆளுக்கு ஒரு நாள் சமையலுக்குக் கால் கன மீட்டர் வேண்டும். ஐந்து பேர் வீட்டுக்கு ஒன்றேகால். அதே 25 கிலோவை வறட்டி தட்டிக் காயவைத்தால் ஐந்து கிலோ வறட்டி கிடைக்கும். ஆனால் திறந்த அடுப்பில் வறட்டியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. வாயு அடுப்பிலோ பாதிக்கு மேல் போகிறது. எல்லாம் கழித்துப் பார்த்தால், அதே சாணம் கலன் வழியாக வரும்போது பானைக்கு இரு மடங்குக்கு மேல் சூடு கொடுக்கிறது. வறட்டியை எரித்தால் அதில் இருந்த தழைச்சத்தும் புகையோடு போய்விடும். கலனிலிருந்து வரும் எருவில் அது அப்படியே நிற்கிறது. விறகுப் புகையில் இருமி இருமி மூச்சு வாங்கிய நம் பாட்டிமார்களின் கணக்கு தனி. அதற்கு நான் எண் போடப் போவதில்லை.

கணக்கு இவ்வளவு சாதகமாக இருக்கிறதே, பிறகு ஏன் எல்லா வீட்டிலும் இல்லை? இதற்கு விடை தெரிய நம் மாநிலத்திலேயே ஒரு சிறு ஊருக்குப் போக வேண்டும்.

துமகூரு மாவட்டம் குணிகல் வட்டத்தில் புரா என்று ஓர் ஊர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய குமார் ரெட்டி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். மின்வேதியியலில் உலகப் புகழ் பெற்ற பாடநூலை எழுதிய இருவரில் ஒருவர். 1974-இல் அவர் முன்னின்று 'அஸ்த்ரா' என்ற மையத்தை அந்தக் கழகத்திலேயே தொடங்கினார். நாட்டின் தலைசிறந்த ஆய்வகம் கிராமத்துக்கு என்ன செய்தது என்பது அவருடைய கேள்வி. அந்த மையம் புராவில் ஊருக்குப் பொதுவாக ஒரு சாண எரிவாயுக் கலன் அமைத்து, குழாய் வழியாக வீட்டுக்கு வீடு சமையல் வாயு கொடுக்கத் திட்டமிட்டது. அது நிலைக்கவில்லை.

ஏன் என்பதை விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதுவே இன்றைய பேச்சின் நடுப்பகுதி. வீட்டுக்கு மூன்று மாடு என்று வையுங்கள். நாட்டு மாடு, பகல் முழுவதும் மேய்ச்சலில் இருக்கும். மேய்ச்சலில் போட்ட சாணம் காட்டுக்கு. இரவு தொழுவத்தில் போட்டது மட்டும் வீட்டுக்கு. மாட்டுக்கு ஐந்து கிலோ சேர்ந்தால் பெரிது. மூன்று மாட்டுக்குப் பதினைந்து கிலோ, வாயு 0.6 கன மீட்டர். தேவையோ ஒன்றேகால். ஊரே சாணத்தைக் கொண்டுவந்து கொட்டினாலும் எல்லோருடைய சமையலுக்கும் போதாது. மாடே இல்லாத வீடுகளையும் சேர்த்தால் இன்னும் கஷ்டம். தவிர, அந்த ஊர்ப் பெண்கள் விறகைக் காசு போட்டு வாங்கவில்லை. அதன் விலையை உழைப்பாகக் கொடுத்தார்கள், அந்த உழைப்புக்கு யாரும் விலை வைக்கவில்லை. விறகை விட அவர்களை வாட்டியது தண்ணீர்.

ரெட்டியும் அவருடைய குழுவினரும் ஊர் சொன்னதைக் கேட்டார்கள். என்னைக் கவர்ந்தது அதுதான். திட்டத்தையே திருப்பிப் போட்டார்கள். 1987-இல் அதே கலனின் வாயுவை அடுப்புக்கு விடாமல் ஒரு சிறு டீசல் இயந்திரத்துக்கு விட்டார்கள். அதில் ஓடிய ஜெனரேட்டரின் மின்சாரம் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துத் தெருக்குழாய்களுக்கு அனுப்பியது. இரவில் வீடுகளுக்கு விளக்குக் கொடுத்தது. ஒவ்வொரு வீடும் சாணம் கொண்டுவரும். எடை போட்டு அதற்கு ஒரு சிறு தொகை உண்டு. செரித்த எருவில் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு போவார்கள். இயந்திரத்தை ஓட்டியவர்கள் ஊர் இளைஞர்கள். ஒருவர் சாணம் கொடுக்காமலோ காசு கட்டாமலோ இருந்தால் ஊர்த் தண்ணீரே நிற்கும் என்பதால், அவரவர் நலனும் ஊர் நலனும் ஒரே திசையில் போயின. பொதுச் சொத்து என்றால் எல்லோரும் சுரண்டிப் பாழாக்குவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த பொருளியல் உலகத்துக்கு ரெட்டி இந்த ஊரை எடுத்துக்காட்டாகக் காட்டினார்.

விளக்கைப் பற்றி இங்கே ஒன்று. 1970-களின் கோபர் கேஸ் வீடுகளில் தாழ்வாரத்தில் ஒரு மேன்டில் விளக்குத் தொங்கும். வலைத்திரி வெள்ளையாகப் பளிச்சென்று எரியும். ஊரார் பார்க்க வருவார்கள். ஆனால் ஒரு விளக்கு ஒரு மணி நேரத்தில் எட்டில் ஒரு கன மீட்டர் வாயுவைக் குடிக்கும். இரவு இரண்டு மணி நேரம் எரிந்தால் ஓர் ஆளின் ஒரு நாள் சமையல் போயிற்று. அதே எட்டில் ஒரு பங்கு வாயுவை இயந்திரத்தில் விட்டால், 20 வாட் டியூப் லைட் ஆறேழு மணி நேரம் எரியும். இன்றைய 9 வாட் எல்.இ.டி. பல்பு என்றால் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல். ஆக, வாயுவை நேரடியாக விளக்கில் எரிப்பது வீண். வீட்டளவுக் கலனுக்கு அடுப்புதான் சரி. விளக்கு மின்சாரத்தில் எரியட்டும்.

இதைச் சொல்லும்போது மனதில் ஒரு வரலாறு உறுத்துகிறது. 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போயிற்று. அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். இந்தச் சபையில் சிலருடைய தாத்தாக்கள் அங்கே இருந்திருப்பார்கள். 1905-இல் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு, 1908-இல் மைசூரில். கம்பி போன வழியெல்லாம் கிராமங்கள் இருந்தன. அவற்றின் தலைக்கு மேல் மின்சாரம் போக, கீழே பல தலைமுறைகள் சிம்னி விளக்கில் வாழ்ந்தன. அந்த நீண்ட இருட்டில்தான் மேன்டில் விளக்குக்கு அவ்வளவு மவுசு இருந்தது.

அடுப்பு விஷயத்தில் புராவுக்கு நேர் எதிரான ஊர் சிர்சி. உத்தர கன்னட மாவட்டம், மலைநாடு, பாக்குத் தோட்டங்கள். 2001-இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே பார்வையிட்ட ஊர்களில் கட்டிய கலன்கள் அனைத்தும் இயங்கிக்கொண்டிருந்தன என்று சொன்னது. நாட்டின் பிற பகுதிகளைப் பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாத செய்தி. சிர்சியில் மாடு உண்டு, தண்ணீர் உண்டு, எருவுக்குத் தோட்டம் உண்டு, இதெல்லாம் சரி. ஆனால் இவை இருந்தும் படுத்துப்போன ஊர்கள் எத்தனையோ உண்டு. சிர்சியில் கூடுதலாக இருந்தது, கலன் கட்டுவதையே தொழிலாகக் கொண்ட பல உள்ளூர்க்காரர்கள். அவர்களுக்குள் போட்டி. கட்டிய கலனுக்கு உத்தரவாதம் கொடுத்தார்கள், கூப்பிட்டால் வந்து இலவசமாகப் பழுது பார்த்தார்கள். ஒரு வீட்டில் கலன் நின்றால் பக்கத்து வீட்டு வேலை அதைக் கட்டியவருக்குக் கிடைக்காது என்ற பயம் இருந்தது. கொத்தனாரிடம் மீண்டும் வருவேன் என்றேனே, இதற்குத்தான். பூச்சில் விரிசல் விட்டவரே வந்து அடைக்க வேண்டிய நிலை இருந்தால், விரிசல் விடாமல் பூசுவார். மத்திய அரசின் திட்டத்திலும் கட்டுபவருக்குத் தரும் கட்டணம் சில வருட உத்தரவாதத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. விதி நல்ல விதி. அதை ஊரில் நின்று நடத்திக்காட்ட ஆள் வேண்டும்.

இன்றைய நிலைக்கு வருகிறேன். 2016-இல் உஜ்வலா திட்டம் வந்தபின் ஏழை வீடுகளிலும் சிலிண்டர் வந்துவிட்டது. நம் மாநிலத்தில் அனில பாக்யா என்ற திட்டமும் வந்தது. நல்ல காரியம். ஆனால் சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வாங்கக் காசில்லாத மாதத்தில் விறகு அடுப்பு மறுபடி எரிகிறது என்பதைக் கிராமத்துக்குப் போகிற எவரும் பார்க்கலாம்.

இதோடு இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது, அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. மைசூர், மண்டியா, சாமராஜநகர் பக்கம் நாட்டு மாடு குறைந்து கலப்பினப் பசு வந்துவிட்டது. பால் சங்கத்துக்குக் காலையும் மாலையும் கேனில் பால் போகிறது. அந்தப் பசு மேய்ச்சலுக்குப் போவதில்லை. தொழுவத்திலேயே நிற்கிறது, தீனி நிறையத் தின்கிறது, நாளுக்கு இருபது கிலோ சாணம் போடுகிறது. இரண்டு பசு இருந்தால் நாற்பது கிலோ. ஒன்றரைக் கன மீட்டருக்கு மேல் வாயு. புராவில் மூன்று மாட்டால் முடியாததை இரண்டு பசு முடித்துவிடுகிறது. மாடு வைத்திருக்கிற வீடுகள் குறைந்திருக்கலாம். ஆனால் வைத்திருக்கிற வீட்டில் கலனுக்கான தகுதி முன்னெப்போதையும் விட அதிகம்.

ஆகவே எல்லா வீட்டுக்கும் என்ற இலக்கை விட வேண்டும் என்கிறேன். மாடு இல்லாத வீட்டில் மானியத்துக்காகக் கலன் கட்டுவது அந்த வீட்டுக்குச் செய்கிற அநியாயம். அவர்களுக்குச் சிலிண்டர் விலையில் உதவி செய்யுங்கள். இரண்டு பசுவும் தண்ணீரும் கொஞ்சம் நிலமும் இருக்கிற பால்காரர் வீட்டில் கலன் கட்டுங்கள். யார் கரைப்பாரோ அவரைக் கேட்டுக் கட்டுங்கள். பத்திரத்தில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுகிறார், கரைப்பது வீட்டம்மா. தொட்டியின் உயரம் அவருடைய இடுப்புக்குச் சரியாக இருக்கிறதா, தண்ணீர்க் குழாய் தொட்டி வரை வருகிறதா என்று அவரிடம் கேட்காமல் கட்டிய கலன்கள் ஏராளம். அந்தத் தண்ணீர்க் குழாய்க்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். அது இல்லாமல் தினமும் நான்கைந்து குடம் சுமக்க வேண்டியிருந்தால் எந்தப் பெண்ணும் ஒரு கோடையைத் தாண்ட மாட்டார்.

பழுது பார்க்கும் ஆளைப் பற்றி எனக்கு ஒரு யோசனை உண்டு. அந்த வேலையைப் பால் சங்கங்களிடம் கொடுக்கலாம். பால் வண்டி தினமும் ஊருக்கு வருகிறது. மாட்டு வைத்தியர் வருகிறார், சினை ஊசி போடுபவர் வருகிறார். பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பத்துப் பதினைந்து சங்கங்களுக்கு ஒருவர் என்று கலன் பழுது பார்க்கும் ஆளையும் அதே வரிசையில் சேர்த்துவிட்டால், ஊதியத்தைப் பால் பணத்தோடு பிடித்துக்கொள்ளலாம். குஜராத்தில் ஆனந்த் மாவட்டத்து ஜகரியாபுராவில் தேசியப் பால்வள வாரியத்தின் துணையோடு இதற்கு அடுத்த படியையே எடுத்துவிட்டார்கள். வீடுகளில் கலன் வைத்து, மிச்ச எருக்கரைசலைப் பெண்களின் கூட்டுறவுச் சங்கம் காசு கொடுத்து வாங்குகிறது, உரமாக்கி விற்கிறது. சாணம் கரைத்த கைக்குக் காசு வந்தால் எந்த அதிகாரியும் வந்து அறிவுரை சொல்ல வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கலனைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றால் தயவுசெய்து யாரும் உள்ளே இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். உள்ளே மூச்சுக்கான காற்று இல்லை. முதலில் இறங்கியவரைத் தூக்கப் போனவரும் விழுவார். பயிற்சி பெற்ற ஆளும் காற்றோட்டக் கருவியும் இல்லாமல் அந்த வேலையே வேண்டாம். வாயுக் குழாயில் கசிவைச் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், தீக்குச்சி கொளுத்திப் பார்க்க வேண்டாம்.

ஹெப்பாள் தொழிற்பேட்டைக்காரர்களிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். கிராமத்தில் கலன் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் சின்னச் சின்ன சாமான்கள்: ஒரு வால்வு, அடைத்துப்போன பர்னர், தண்ணீர் வடிக்கும் குமிழ், வெயிலில் வெடித்த ரப்பர் குழாய். சாண வாயுவின் அழுத்தம் குறைவு, கந்தகம் உண்டு. சிலிண்டர் அடுப்பின் பர்னரை அப்படியே மாட்டினால் சரியாக எரியாது. துளை பெரிதாக வேண்டும், துருவைத் தாங்கும் உலோகம் வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த லேத் பட்டறைகள் இந்தத் தெருவிலேயே இருக்கின்றன. ஊருக்கு ஊர் அளவு மாறாமல், பால் சங்கத்துக் கடையில் தீவன மூட்டைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு விற்கிற மாதிரி, அந்த நான்கு சாமான்களையும் ஒரே தரத்தில் செய்துகொடுங்கள். எந்த அளவில் வேண்டும் என்று கேட்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். வரைபடங்களைக் கொண்டுவந்திருக்கிறேன்.